கோள்கள் தம் அச்சிற் சுழலும் காலம்

பூமி தன் அச்சிலே சுழல்கின்றது என்பதும், அதனாலே பகலும் இரவும் உண்டாகின்றன என்பதும் சிறு வகுப்பு மாணாக்கரும் அறிந்தவை. மற்றைக் கோள்களும் அவ்வாறே சுழல்கின்றன. அவற்றுட் சில மிக விரைந்தும், சில மிக மெல்லவும், இரண்டு எதிர்ப்புறமாகவும் சுழல்கின்றன. இவ்வளவையும் பாடபுத்தகங்கள் ஓர் அட்டவணையாக்கித் தருகின்றன. உபாத்தியாயர் அதனைக் கரும்பலகையில் எழுதுவதும், மாணாக்கர் மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிப்பதும் வழக்கமாயின. அவ்வெண்கள் எதனைக் குறிக்கின்றன, எவ்வாறு கிடைத்தன, எத்துணை உறுதியுடையன என்னும் மூன்று வினாக்களும் பெரும்பாலும் எழுவதில்லை.

நாமும் அவ்வாறு படிப்பித்தவர்களே. முன்னொருகால் ஒரு வகுப்பிலே, வெள்ளி தன் அச்சில் ஒருமுறை சுழலுதற்கு 243 நாட் செல்லும் என்று நாம் கூறியபோது, ஒரு மாணாக்கன் எழுந்து, "ஐயா, அப்படியானால் வெள்ளியிலே ஒரு பகல் அதிற் பாதியாகிய நூற்றிருபத்தொரு நாளா?" என்று வினாவினான். நாம் சிறிதும் ஆராயாது "ஆம்" என்றோம். அது பிழை. பின்பு ஒருநாள் கணக்கிட்டுப் பார்த்தபோதே அது பிழையென்று கண்டோம். அதற்குள் அவன் வேறு வித்தியாசாலைக்குச் சென்றுவிட்டான். அவனுக்குச் சொல்லவேண்டிய விடையை, அவன்போல வினாவும் மாணாக்கரை நாளும் எதிர்ப்படும் உபாத்தியாயர்களுக்கு இங்கே சொல்லுகின்றோம்.

1. சுழற்சி வேறு, தினம் வேறு

ஒரு கோள் தன் அச்சில் ஒருமுறை முற்றச் சுழன்றது என்பதை எதனைக் கொண்டு அறிவது? நெடுந்தூரத்திலுள்ள நட்சத்திரங்களைக் கொண்டே அறிதல் வேண்டும். இன்றிரவு நேர் உச்சியில் நின்ற ஒரு நட்சத்திரம் மீண்டும் உச்சிக்கு வருங்காலம் ஒரு சுழற்சியாம். இதனை நாட்சத்திர தினம் என்பர். சூரியன் உதித்து மீள உதிக்குங் காலத்தைச் சாவன தினம் என்பர். நாம் வழங்கும் நாள் இச்சாவன தினமேயாம்.

பூமியின் சுழற்சிக்காலம் 23 மணித்தியாலம் 56 நிமிஷம் 4 செக்கன். சாவன தினம் 24 மணித்தியாலம். இவ்விரண்டுக்கும் ஏறக்குறைய 4 நிமிஷ வேற்றுமை உண்டு. நாழிகைக் கணக்கிலே அது ஏறக்குறையப் பத்து விநாடி. பூமி ஒருமுறை சுழல்வதற்குள் சூரியனைச் சுற்றும் வழியிலே சிறிது முன்னேறிவிடுதலால், சூரியனை மீண்டும் எதிர்ப்படுதற்கு இன்னுஞ் சிறிது சுழலவேண்டியிருக்கின்றது. அதுவே இவ்வேற்றுமைக்குக் காரணம்.

இதனை மாணாக்கர் தம் கண்ணாற் காணலாம். வீட்டு முற்றத்தில் ஓரிடத்தைக் குறித்துக்கொண்டு அங்கே நின்று, ஒரு நட்சத்திரம் எதிரேயுள்ள கூரை முகட்டிலோ பனையின் உச்சியிலோ மறையும் நேரத்தைக் கடிகாரத்திற் பார்த்து எழுதுக. பத்து நாட் கழித்து அதே இடத்தில் நின்று அதே நட்சத்திரத்தை நோக்குக. அது ஏறக்குறைய 40 நிமிஷம் முந்தி மறையும். ஒரு மாதத்தில் இரண்டு மணித்தியாலம், அதாவது ஐந்து நாழிகை முந்தும். ஓராண்டில் ஒரு முழு நாள் முந்தும். ஆகவே ஓராண்டில் 365 சாவன தினங்கள் கழியும்போது பூமி 366 முறை சுழல்கின்றது.

இங்கே ஒரு விதி கிடைக்கின்றது. ஒரு கோள் சூரியனை ஒருமுறை சுற்றும்போது எத்தனைமுறை சுழல்கின்றதோ, அதில் ஒன்றைக் கழித்தால் வருவது அக்கோளின் ஓராண்டிலுள்ள சாவன தினங்களின் தொகை.

இவ்விதியை மாணாக்கர் உள்ளத்திற் பதித்தற்குக் கணக்கினும் விளையாட்டு நன்று. வகுப்பறையின் நடுவிலே ஒரு விளக்கை வைத்து, ஒரு மாணாக்கனை அதனை இடஞ்சுழியாகச் சுற்றிவரச் செய்க. முதலில், அவன் முகம் எப்பொழுதும் விளக்கையே நோக்கியிருக்கக்கடவது. ஒருமுறை சுற்றி முடிக்கும்போது அவன் முகம் நான்கு சுவரையும் முறையே நோக்கிவிட்டது; ஆகவே அவன் ஒருமுறை சுழன்றான். ஆயினும் விளக்கு அவன் முகத்தைவிட்டு நீங்கவில்லை. அவனுக்கு இரவுமில்லை, மறுபகலுமில்லை. ஒன்றில் ஒன்று போகச் சூனியம். இரண்டாவது, அவன் முகம் எப்பொழுதும் வடக்குச் சுவரையே நோக்கியிருக்கச் சுற்றுக. அவன் சுழலவேயில்லை, ஆயினும் விளக்கு அவன் முன்னும் பக்கத்திலும் பின்னும் மறுபக்கத்திலுமாக ஒருமுறை வந்துவிட்டது. சுழலாமலே ஒரு நாள் கழிந்தது. அந்நாள் எதிர்முகமான நாள். மாணாக்கர் இவ்விரண்டையுங் கண்டபின் விதியைத் தாமே சொல்வர்.

2. ஆரியபட்டர் கணக்கு

இவ்விதி பாரததேசத்திலே புதிதன்று. கி.பி. 476 இற் பிறந்து, 499 இல் ஆரியபடீயம் என்னும் நூலை இயற்றிய ஆரியபட்டர், ஒரு சதுர்யுகமாகிய 43,20,000 ஆண்டில் பூமி 1,58,22,37,500 முறை சுழல்கின்றது என்று கணக்கிட்டார். இதில் ஆண்டுக்கு ஒன்றாக 43,20,000 ஐக் கழித்தால் 1,57,79,17,500 வரும். இதுவே அவர் கொண்ட சாவன தினத் தொகை. இவ்விரண்டு எண்களையும் வகுத்துப் பார்ப்போர்க்குப் பூமியின் ஒரு சுழற்சிக்காலம் 23 மணித்தியாலம் 56 நிமிஷம் 4.1 செக்கன் என வருகின்றது. இற்றைநாள் அளவுக்கும் இதற்கும் ஒரு செக்கனிற் சிறு கூறே வேற்றுமை. ஓடத்திற் செல்வோனுக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னோக்கி ஓடுவனபோலத் தோன்றுதலை அவர் உவமையாக்கி, நட்சத்திரங்கள் மேற்கே செல்வதுபோலத் தோன்றுதல் பூமியின் சுழற்சியாலே என்று விளக்கினார்.

மேல்வகுப்பு மாணாக்கருக்கு இவ்வகுத்தலைச் செய்யக் கொடுத்தல் நன்று. ஆயினும் இரண்டு செய்திகளை உடன் சொல்லுதல் வேண்டும். ஒன்று, இக்கொள்கையை நம் நாட்டறிஞர் யாவரும் ஏற்றாரல்லர். 628 இல் நூல் செய்த பிரமகுப்தர் இதனை மறுத்தார். மற்றொன்று, ஆரியபட்டர் சொன்னது பூமியின் சுழற்சியையே. மற்றைக் கோள்கள் தம் அச்சிற் சுழலுங் காலத்தை அக்காலத்தார் எவரும் அறிந்திலர். வெறுங்கண்ணுக்குக் கோள் ஓர் ஒளிப்புள்ளியாகவே தோன்றுதலால் அதனை அறிதற்கு வழியுமில்லை. பெரியோர் சொன்னதைச் சொன்ன அளவிலே போற்றுதல் மரியாதை. சொல்லாததைச் சொன்னாரென ஏற்றிக் கூறுதல் அவர்க்குப் புகழாகாது.

3. அடையாளங் கண்டு அளத்தல்

தூரதிருட்டிக் கண்ணாடி தோன்றியபின்பே கோள்களின் முகம் தெரிந்தது. ஒரு கோளின் முகத்தில் ஓர் அடையாளம் இருந்து, அது ஓரத்தில் மறைந்து மீண்டும் அதே இடத்துக்கு வருமாயின், அக்காலமே சுழற்சிக்காலம்.

1659 இல் ஒல்லாந்து தேசத்து ஹைகென்ஸ் என்பவர் செவ்வாயின்மேல் ஒரு கரிய அடையாளத்தைக் கண்டு படம் வரைந்து, அதன் சுழற்சி ஏறக்குறைய 24 மணித்தியாலம் என்றார். இத்தாலி தேசத்துக் கசினி என்பவர் 1665 இல் வியாழனுக்கு 9 மணித்தியாலம் 56 நிமிஷம் என்றும், 1666 இற் செவ்வாய்க்கு 24 மணித்தியாலம் 40 நிமிஷம் என்றும் அளந்தார். இக்காலத்தார் கண்ட அளவு செவ்வாய்க்கு 24 மணித்தியாலம் 37 நிமிஷம் 23 செக்கன். சிறிய கண்ணாடியும் ஒழுங்கில்லாக் கடிகாரமும் கொண்டு அவர் பெற்ற நுட்பம் வியக்கத்தக்கது.

செவ்வாயின் காலம் செக்கன்வரை எவ்வாறு திருத்தமடைந்தது? ஊசலின் ஓர் ஆட்டத்தை அளப்பவன் நூறு ஆட்டத்தை அளந்து நூறால் வகுக்கின்றான். அதனாற் பிழையும் நூறில் ஒன்றாகின்றது. அவ்வாறே, ஒரு நூற்றாண்டிலே ஒருவர் வரைந்த படத்தையும் மற்றொரு நூற்றாண்டிலே வேறொருவர் வரைந்த படத்தையும் ஒப்பிட்டு, இடையிற் கழிந்த பல்லாயிரஞ் சுழற்சிகளால் வகுத்தனர். ஹைகென்ஸ் வரைந்த அச்சிறு படம் அவர் இறந்தபின்பும் பயன்பட்டது. உள்ளதை உள்ளவாறு தேதியோடு எழுதிவைத்தலின் பயனை மாணாக்கர்க்குக் காட்டுதற்கு இதனினும் நல்ல உதாரணம் இல்லை.

வியாழனிலே வேறொரு புதுமை உண்டு. நாம் காண்பது அதன் நிலத்தையன்று, மேகங்களையே. நடுக்கோட்டை அடுத்த மேகங்கள் 9 மணித்தியாலம் 50½ நிமிஷத்திலும், அதற்கு அப்பாற்பட்டவை 9 மணித்தியாலம் 55 நிமிஷம் 41 செக்கனிலும் சுற்றிவருகின்றன. ஆதலால் எதனைக் கோளின் சுழற்சி என்பது என்னும் ஐயம் எழுந்தது. வியாழனின் உள்ளிருந்து எழுங் காந்தபுலம் அதனோடு சேர்ந்து சுழல்கின்றது. அதனால் வரும் வானொலி அலைகள் ஒழுங்கான முறையிலே ஏறியிறங்குகின்றன. அவ்வொழுங்கை அளந்து 9 மணித்தியாலம் 55 நிமிஷம் 30 செக்கன் எனக் கொண்டனர். இவ்வேகத்தாலே வியாழன் நடுவிற் பருத்துத் துருவங்களில் தட்டையாயிற்று. அதன் நடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தினும் ஏறக்குறைய 9,300 கிலோமீற்றர் அதிகம்.

4. புதனும் வெள்ளியும்

அடையாளங் கண்டு அளத்தல் எங்கும் பயன்படாது. புதன் எப்போதும் சூரியனுக்கு அண்மையில் நிற்றலால் நோக்குதற்கு அரியது. வெள்ளி முழுவதும் மேகத்தால் மூடப்பட்டது.

புதனைப் பல ஆண்டு நோக்கிய இத்தாலி தேசத்து ஸ்கியாப்பரெல்லி என்பவர், அது சூரியனைச் சுற்றும் 88 நாளிலேயே ஒருமுறை சுழல்கின்றது என்று 1889 இல் அறிவித்தார். அப்படியானால் அதன் ஒரு பக்கம் எப்பொழுதும் பகல், மறுபக்கம் எப்பொழுதும் இரவு. இக்கொள்கை எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலாகப் புத்தகங்களில் நின்றது. 1965 இலே போர்த்தோ ரிக்கோத் தீவிலுள்ள அரெசிபோ என்னுமிடத்தில், 305 மீற்றர் அகலமுள்ள பெருங் கிண்ணத்தைக் கொண்டு பெற்றெங்கில், டைஸ் என்னும் இருவர் புதனுக்கு ரேடார் அலைகளை அனுப்பி, மீண்டு வந்த அலைகளை ஆராய்ந்து, அதன் சுழற்சி ஏறக்குறைய 59 நாளே எனக் கண்டனர். அக்கிண்ணம் 2020 இல் இடிந்து வீழ்ந்தது. அது தந்த அறிவு நிலைபெற்றது.

ரேடார் முறை யாது? ஊதிக்கொண்டு நம்மை நோக்கி வரும் புகைவண்டியின் ஒலி உயர்ந்தும், நம்மைவிட்டு நீங்கும்போது தாழ்ந்தும் கேட்டல் யாவரும் அறிந்தது. சுழலுங் கோளின் ஓர் ஓரம் நம்மை நோக்கி வருகின்றது. மற்றை ஓரம் நம்மைவிட்டு நீங்குகின்றது. ஆகவே, ஒரே அளவாக அனுப்பிய அலை, ஓர் ஓரத்திற் சிறிது உயர்ந்தும் மற்றை ஓரத்திற் சிறிது தாழ்ந்தும் மீளும். அவ்வேற்றுமையின் அளவே சுழலும் வேகத்தைக் காட்டும். மேகமும் இதற்குத் தடையாகாது.

புதனின் சரியான காலம் 58.65 நாள். இது 88 நாளில் மூன்றிலிரண்டு பங்கு. சூரியனை இரண்டு முறை சுற்றுதற்குள் புதன் சரியாக மூன்று முறை சுழல்கின்றது என்று ஜுசெப்பே கொலம்போ என்பவர் விளக்கினார். நம் விதியை இங்கே பிரயோகிக்க: மூன்று சுழற்சியில் இரண்டு சுற்றைக் கழித்தால் ஒன்று. ஆகவே புதனின் இரண்டு ஆண்டு, அதன் ஒரு சாவன தினம். அது நம் கணக்கில் 176 நாள்.

ஸ்கியாப்பரெல்லி கவனமில்லாதவரல்லர். அவர் ஏமாந்தது எவ்வாறு? புதனை நன்றாகக் காணத்தக்க காலம் ஏறக்குறைய 348 நாளுக்கு ஒருமுறை வருகின்றது. புதனின் இரண்டு சாவன தினம் 352 நாள். இவ்விரண்டும் ஏறக்குறைய ஒத்தலால், அவர் நோக்கியபொழுதெல்லாம் அது பெரும்பாலும் ஒரே முகத்தையே காட்டிற்று. கண்டது உண்மை, காணாத காலத்தைப் பற்றிக் கருதியதே பிழையாயிற்று.

இனி வெள்ளி. 1962 இல் அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்திலிருந்து அனுப்பிய ரேடார் அலைகளால், அது மிக மெல்ல, அதுவும் எதிர்ப்புறமாகச் சுழல்கின்றது என்பது தெரிந்தது. ஒரு சுழற்சிக்கு 243 நாள். சூரியனை ஒருமுறை சுற்றுதற்கோ 224.7 நாளே. அதன் மேன்மேகங்கள் மாத்திரம் நான்கு நாளில் கோளைச் சுற்றி ஓடுகின்றன.

நம் மாணாக்கனுடைய வினாவுக்கு விடை இங்கே உண்டு. வெள்ளி ஓர் ஆண்டில் 0.925 முறை எதிராகச் சுழல்கின்றது. எதிராகச் சுழலுங் கோளுக்கு ஒன்றைக் கழித்தற்குப் பதிலாகக் கூட்டல் வேண்டும். ஆகவே ஓராண்டில் 1.925 சாவன தினம். 224.7 ஐ 1.925 ஆல் வகுக்க 116.7 நாள் வரும். அதிற் பாதியாகிய 58 நாட்சொச்சமே வெள்ளியின் ஒரு பகல். அங்கே சூரியன் மேற்கில் உதித்துக் கிழக்கில் மறையும்.

5. சனி, யுரேனஸ், நெப்டியூன்

சனியின் காலம் பல முறை மாறியது. 1794 இல் வில்லியம் ஹெர்ஷல் 10 மணித்தியாலம் 16 நிமிஷம் என்றார். 1980, 1981 இல் வொயேஜர் கலங்கள் வானொலி அலைகளைக் கொண்டு 10 மணித்தியாலம் 39 நிமிஷம் எனக் கண்டன. 2004 இற் சென்ற கசினிக் கலம் அதே முறையில் 10 மணித்தியாலம் 45 நிமிஷம் எனக் கண்டது. இத்துணைப் பெருங் கோள் சில ஆண்டுக்குள் ஆறு நிமிஷம் தாழ்த்துச் சுழலுமோ? சுழலாது. அதன் காந்த அச்சும் சுழலும் அச்சும் ஏறக்குறைய ஒன்றாயிருத்தலின், அம்முறை அங்கே செல்லாதாயிற்று. பின்பு, சனியின் உள்ளே எழும் அதிர்வுகள் அதன் வளையங்களில் உண்டாக்கும் அலைகளை ஆராய்ந்து, 10 மணித்தியாலம் 33 நிமிஷம் 38 செக்கன் என்று 2019 இல் வெளியிட்டனர். கோளின் துடிப்பு அதன் வளையத்திலே எழுதப்பட்டிருந்தது.

யுரேனஸ் படுத்துச் சுழலுங் கோள். அதன் அச்சின் சாய்வு 98 பாகை. 1986 இல் வொயேஜர் 2 அளந்த காலம் 17 மணித்தியாலம் 14 நிமிஷம் 24 செக்கன். அதன் துருவச் சோதிகளை ஹபிள் கண்ணாடி பல்லாண்டு நோக்கியதன் பயனாக, 2025 இல் அது 28 செக்கன் கூட்டி 52 செக்கன் எனத் திருத்தப்பட்டது. நெப்டியூனுக்கு 1989 இல் அதே கலம் கண்டது 16 மணித்தியாலம் 6 நிமிஷம். அதன்பின் அங்கு வேறெந்தக் கலமுஞ் சென்றிலது.

6. வேற்றுமைக்குக் காரணம்

மெல்லச் சுழலும் வாயுவும் தூசும் ஒருங்கு திரண்டு சுருங்கியபோது, அச்சுழற்சி விரைவடைந்தது. கைகளை நீட்டிச் சுழலும் கூத்தாடி கைகளை ஒடுக்கும்போது விரைந்து சுழலுதல் இதற்கு உவமை. மிகுதியாகத் திரண்ட வியாழனும் சனியும் அவ்வேகத்தைப் பெரிதும் இழக்கவில்லை. சூரியனுக்கு அண்மையிலுள்ள புதன் சூரியனது ஈர்ப்பின் இழுப்பாலே தளர்ந்தது. வெள்ளி அவ்விழுப்போடு தன் கனத்த வாயுமண்டலத்தின் இழுப்பாலும் தளர்ந்தது என்பர்.

நம் பூமியும் தளர்கின்றது. சந்திரனால் எழும் வற்றுப்பெருக்கின் உராய்வாலே, ஒரு நூற்றாண்டுக்கு நம் நாள் ஏறக்குறைய ஒரு செக்கனின் ஆயிரத்திலிரண்டு கூறு நீளுகின்றது; சந்திரனும் ஆண்டுக்கு 3.8 சதமமீற்றர் விலகிச் செல்கின்றது. 38 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பவழக் கற்களிலே, நாளுக்கு ஒன்றாகப் படிந்த நுண்வரைகளை 1963 இல் ஜோன் வெல்ஸ் என்பவர் எண்ணி, அக்காலத்து ஆண்டில் ஏறக்குறைய 400 நாள் இருந்தன என்றார். அந்நாள் 22 மணித்தியாலமே.

7. அட்டவணை

புதன்: சுழற்சி 58.65 நாள், சாவன தினம் 176 நாள்.
வெள்ளி: சுழற்சி 243 நாள், எதிர்ப்புறம், சாவன தினம் 116.7 நாள்.
பூமி: சுழற்சி 23 மணி 56 நிமிஷம் 4 செக்கன், சாவன தினம் 24 மணி.
செவ்வாய்: சுழற்சி 24 மணி 37 நிமிஷம் 23 செக்கன், சாவன தினம் 24 மணி 39 நிமிஷம் 35 செக்கன்.
வியாழன்: 9 மணி 55 நிமிஷம் 30 செக்கன்.
சனி: 10 மணி 33 நிமிஷம் 38 செக்கன்.
யுரேனஸ்: 17 மணி 14 நிமிஷம் 52 செக்கன், எதிர்ப்புறம்.
நெப்டியூன்: 16 மணி 6 நிமிஷம்.

பின் நான்கிலும் இருவகைத் தினங்களின் வேற்றுமை சில செக்கன்களுக்கு மேற்படாதாதலால் அது விடப்பட்டது.

வகுப்பிற்குரிய வினாக்கள்

1. எப்பொழுதும் ஒரு முகத்தையே சூரியனுக்குக் காட்டுங் கோள் சுழல்கின்றதா, இல்லையா? விளக்கைக் கொண்டு காட்டுக.
2. செவ்வாயின் ஆண்டு 687 நாள். அதன் சுழற்சிக்காலத்திலிருந்து சாவன தினத்தைக் கணக்கிடுக.
3. புதனிற் சூரியோதயத்திற் பிறந்த குழந்தை, அடுத்த சூரியோதயத்தில் எத்தனை புதனாண்டு நிரம்பியதாகும்?
4. ஸ்கியாப்பரெல்லி கண்டதிற் பிழை யாது? கருதியதிற் பிழை யாது?

இவ்வட்டவணையை மனனஞ் செய்வித்தல் வேண்டாமென்று நாம் கூறவில்லை. சனிக்கு நேர் எழுதிய எண் நம் வாழ்நாளிலேயே மாறியது, யுரேனஸுக்கு நேர் எழுதியது 2025 இல் மாறியது, இன்னும் மாறலாம். எண்ணை மாத்திரம் பெற்ற மாணாக்கன், அது மாறும்போது தன் ஆசிரியர் பொய் சொன்னார் என்று எண்ணுவான். அளந்த முறையையும் உடன் பெற்றவனோ, அம்மாற்றத்தைக் கண்டு மகிழ்வான்; வேண்டின் தானே கணக்கிட்டு ஆசிரியரையுந் திருத்துவான். அத்தகைய மாணாக்கன் எழுந்து வினாவும்போது, விடை தெரியாதாயின், "நாளை பார்த்துச் சொல்லுகின்றேன்" என்பதே உபாத்தியாயருக்கு அழகு. நாம் அன்று அவ்வாறு சொல்லியிருந்தால், ஒரு மாணாக்கன் பிழையான ஒரு பகலைத் தன்னோடு கொண்டு சென்றிருக்கமாட்டான்.